நேர்மையின் விலையைச் செலுத்துவோர் யார்?

இணுவிலிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு வாரமாக எமது மேசைமேற் கிடக்கின்றது. அழகிய கையெழுத்து, பெயர் உண்டு, விலாசம் மாத்திரம் இல்லை. ஆதலால் அவருக்குரிய மறுமொழியை இப்பகுதியிலேயே எழுதவேண்டியவராயினோம்.

அவருடைய குடும்பத்தார் கிறிஸ்தவர். தந்தையார் ஒரு சிறு பலசரக்குக் கடை நடத்துகின்றார். 2022ஆம் ஆண்டிலே பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்குமாக நாடு முழுவதும் வரிசையில் நின்ற நாட்களை அன்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வந்த பால்மாவை ஒளித்துவைத்து இருமடங்கு விலைக்கு விற்றவர் உண்டு. பால்மா வேண்டுமாயின் வேறொரு பொருளையும் வாங்கவேண்டுமென்று சேர்த்துத் தலையிற் கட்டியவரும் உண்டு. இம்மாணவியின் தந்தையார் அவ்வாறு செய்யவில்லை. பெட்டியிற் பொறித்த விலைக்கே, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முதலில் என்று விற்று முடித்தார். பக்கத்துக் கடைக்காரர் அவ்வாண்டு முடியுமுன் மேல்மாடி கட்டினார். இவருடைய வீட்டு நகைகளோ அடகுக்குச் சென்றன, இன்னும் மீளவில்லை.

"பிழைக்கத் தெரியாத மனிதன் என்று மாமாமார் சொல்லுகிறார்கள். போதகர் ஐயா பிரசங்கத்தில் அப்பாவைப் புகழ்ந்து பேசினார். அம்மா ஒன்றும் சொல்லுவதில்லை. அப்பா செய்தது சரியா, அல்லது நாங்கள் ஏமாந்துவிட்டோமா?" என்று அவர் வினாவுகின்றார்.

நேர்மை இறுதியில் வெல்லும் என்று ஒரு வரி எழுதிக் கடிதத்தைக் கட்டிவைத்தல் எளிது. ஆயின் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அதை நம்பமாட்டாள். மேல்மாடி அவள் கண்முன்னே நிற்கின்றது. எம்மைத் தடுத்து நிறுத்திய வாக்கியம் வேறொன்று. அம்மா ஒன்றும் சொல்லுவதில்லை என்பதே அது. அதைப் பற்றித்தான் எழுதப்போகின்றோம். எனினும் அதற்கு முன் அம்மாணவியின் ஊரைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலைக் கடந்ததும் இணுவிலை அடைவர். செம்மண் தோட்டங்களும் கோவில்களும் நிறைந்த ஊர். கந்தசுவாமி கோவிலின் பெருமஞ்சத்தைக் காணவென்றே தொலைவிலிருந்து வருவோர் உளர். தவிலுலகிற் பெரும்புகழ் பெற்ற தட்சணாமூர்த்தியின் தந்தையார் விசுவலிங்கம் இவ்வூரவரே. சைவம் தழைத்த இவ்வூரிலே 1898ஆம் ஆண்டு அமெரிக்க இலங்கை மிஷனைச் சார்ந்த மக்லியோட் வைத்தியசாலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் திறக்கப்பட்டது. இன்றும் அது நடைபெறுகின்றது.

அதன் காரணம் எளிது. அக்காலத்து யாழ்ப்பாணத்துப் பெண் ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்ட இசையாள், வீட்டாரும் இசையார். பிரசவத்திலே தாயும் சேயுமாக மடிந்தவர் பலர். 1880இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்திலிருந்து வந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் இக்குறையைக் கண்டு, யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கியபின் ஸ்கொத்லாந்திலும் பிற இடங்களிலும் சபை சபையாகச் சென்று பணம் திரட்டினர். பின்னர் டாக்டர் இசபெல்லா கர் முதலிய பெண் வைத்தியர் வந்து சேர்ந்தனர். திருநீறணிந்த தாய்மார் அவ்வாயிலிற் புகுந்து பிள்ளைபெற்று, திருநீறணிந்தவராகவே வீடு திரும்பினர். இவ்வூரிற் பிறந்து இன்று கடல்கடந்து வாழும் சைவர் பலரின் முதல் அழுகுரல் அக்கூரையின் கீழ் எழுந்ததே.

இதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அயலூராகிய மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வழிகாட்டியிருந்தார். 1847இல் வந்தவர் அவர். அடுத்த ஆண்டிலேயே மாணாக்கருக்கு மேலைத்தேச வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். முதலிற் போதனை ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் கற்று வைத்தியரானோர் அரசாங்க உத்தியோகமும் நகர வாழ்வும் நாடிச் செல்வதைக் கண்டார். கிராமத்தான் வாயிலில் வைத்தியன் இல்லாமற் போகின்றானே என்று, 1862இல் இரண்டாம் முறை வந்தபின் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். மதம் மாறியோர் காற்சட்டையும் தொப்பியும் தரிப்பதையும் அவர் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. குறைந்த வருவாயோடு கிராமத்தில் இரு என்று மாணாக்கனுக்குச் சொல்லுதல் எவருக்கும் இயலும். கிறீன் அவ்வளவில் நின்றிலர். தமிழில் வைத்திய நூல் இல்லையென்றால் மாணாக்கன் எதைப் படிப்பான்? ஆகவே அவரும் உடன் உழைத்தோரும் மனுஷ அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழாக்கினர். எலும்புக்கும் நரம்புக்கும் இரசாயனப் பொருளுக்கும் ஒவ்வொன்றாகச் சொல் தேடினர். 1873இல் தாயகம் மீண்ட பின்னும் தமிழ் நூற்பணியை அவர் கைவிட்டிலர். அவரிடமும் அவர் மாணாக்கரிடமும் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். 1884இல் மசாசூசெற்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரிலே காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் வேண்டியதும் அதுவே.

இவையெல்லாம் புகழுக்குரியன. புகழை மாத்திரம் எழுதினால் இது நேர்மையைப் பற்றிய கட்டுரையாகாது. கடவுள்முன் யாவரும் சமம் என்று போதித்த அதே திருச்சபைக்குள்ளே சாதி அமர்ந்திருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே கிறிஸ்தவ வளவிற் சமைத்த உணவை உயர்குலத்துப் பிள்ளைகள் உண்ண மறுக்க, அவர்தம் மனம் கோணாமல் வேறிடத்திற் சமைக்க ஒழுங்கு செய்யவேண்டியதாயிற்று. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் ஆலயத்தில் யார் வாங்கிலிருப்பது, யார் நிலத்திலிருப்பது என்ற பேதம் நெடுங்காலம் நீங்கவில்லை. பொறுத்திரு, காலம் மாறும் என்று தாழ்த்தப்பட்டோருக்குச் சொன்னார்கள். பொறுத்தவர் யார்? சொன்னவர் அல்லர். உண்மையை அறிந்திருந்தும் அதன் விலையைப் பிறர் தலையில் வைத்தோம். பெரியோர் பலரும் அதையே செய்தனர்.

எமது குடும்பமும் ஒருமுறை அவ்வாறு செய்தது. அதைச் சொல்ல நாணமாயினும் சொல்லுகின்றோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி. இராணுவம் முன்னேறிக்கொண்டிருக்க, வலிகாமத்து மக்கள் யாவரும் உடனே வெளியேறவேண்டுமென்று விடுதலைப் புலிகள் அறிவித்தனர். நாலைந்து இலட்சம் மக்கள் மழையிலே நடந்தனர். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் ஓரடி வைக்க ஒரு நாழிகை சென்றது. எமக்கு அப்பொழுது பதினான்கு வயது. தந்தையார், தாயார், பிள்ளைகள் மூவர். ஒரு சைக்கிள், இரண்டு மூட்டை. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறை கிடைத்தது. சேலைகளைக் கட்டி மறைத்து ஆறு குடும்பங்கள் அதில் இருந்தன.

அவ்வகுப்பறையில் எமக்கு அடுத்த சேலைக்கு அப்பால், தனியாக ஒரு மூதாட்டி இருந்தார். இணுவில் வைத்தியசாலையிலே தாதித்தொழில் பழகி, பல ஊர்களிற் பணிசெய்து இளைப்பாறியவர். ஊரார் அவரை மிஸி என்றே அழைப்பர். மணஞ்செய்யாதவர், வயது எழுபதுக்கு மேல். அவரும் எம்மைப்போலக் கிறிஸ்தவர். எமது தந்தையாரோ ஆசிரியர், ஆலயத்திற் பொருளாளர்.

நிவாரணத்துக்குப் பெயர் பதிந்தபோது தந்தையார் எட்டுப் பெயர் எழுதினார். ஐந்து பெயர் நாம். மற்ற மூவர் பெரியப்பா குடும்பத்தினர்; அவர்கள் செப்ரெம்பரிலேயே கொழும்புக்குச் சென்றுவிட்டனர். யாருக்குத் தெரியப்போகின்றது? அயலில் எழுதாதவர் யார்? அவ்வளவில் அது பொய்யென்று கூடத் தோன்றவில்லை.

மூன்றாவது முறை பங்கீட்டு வரிசையில் தந்தையாரோடு நாமும் நின்றோம். எட்டுப் பேருக்குரிய கோதுமை மாவும் அரிசியும் பருப்பும் எமது பையிற் கொட்டப்பட்டன. எமக்குப் பின்னே ஒரு தாய், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளுடன் நின்றாள். 1990இலேயே வடக்கே வீட்டை இழந்து இடம் மாறி இடம் மாறி வந்தவள். அவள் பையை நீட்டியபோது மா முடிந்துவிட்டது. நாளைக்கு வா என்றார்கள். அவள் ஒன்றும் பேசாமல் பையை மடித்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னே, மாவுக்கல்ல, சீனிக்காக நின்ற மிஸி யாவற்றையும் கண்டார். தாம் முதல்நாள் வாங்கிய மாவிற் பாதியை அன்று மாலை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரவு சேலைக்கு இப்பால் வந்து அமர்ந்தார்.

"தம்பி, கொழும்பிலை இருக்கிற அண்ணரின்ரை பெயரை வெட்டிப்போடுங்கோ. மறதியாய் எழுதுப்பட்டுப் போச்சு எண்டு சொல்லாதேங்கோ. எழுதினனான் எண்டு சொல்லுங்கோ."

தந்தையார் தலையைக் குனிந்துகொண்டார். விடை சொன்னவர் எமது தாயார்.

"பசிக்கிற பிள்ளையளுக்கு நேர்மையை அவிச்சுக் குடுக்கலாமோ, மிஸி?"

மிஸி மறுமொழி சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். அந்த வினா இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எம்மைத் தொடர்கின்றது. அதற்குரிய மறுமொழியை எந்தப் பிரசங்கத்திலும் நாம் கேட்டதில்லை.

மறுநாள் தந்தையார் விதானையாரிடம் சென்று மிஸி சொல்லியவாறே சொன்னார். விதானையார் பாராட்டினார் என்று எழுத எமக்கும் ஆசைதான். அவர் எரிச்சலுற்றார். பழைய அட்டையை வாங்கிவைத்துக்கொண்டு, புதிய பதிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார். பதினாறு நாட்கள் எமக்கு நிவாரணம் இல்லை. பொய் எழுதியவர் அனைவரும் அந்நாட்களில் உண்டனர். மெய் சொன்னவர் வீட்டு அடுப்பு எரியவில்லை. தாயார் மிஸியோடு பேசுவதை விட்டார்.

நாலாம் நாள் மிஸி விடியமுன் எங்கோ புறப்பட்டுப் போனார். கொடிகாமம் சந்தைக்கு என்று பின்னர் அறிந்தோம். வெயிலேறித் திரும்பி வந்தபோது ஒரு பையில் அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் இருந்தன. பையைத் தாயார் முன்னே வைத்தார். நோயாளரின் நாடியை எண்ணவென்று முப்பது வருஷம் அவர் கட்டியிருந்த கைக்கடிகாரம் மணிக்கட்டில் இல்லை. அவ்விடத்தில் வெளிறிய ஒரு வளையமே இருந்தது.

"பெயரை வெட்டச் சொன்னது நான். அப்ப அரிசிக்கும் நான்தானே பொறுப்பு, பிள்ளை."

தாயார் பையை எடுத்தார். அன்றும் மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் மிஸியின் சட்டியைத் தாமே எடுத்துவந்து கழுவி, எமது சட்டிகளோடு கவிழ்த்து வைத்தார். 1996இல் ஊர் திரும்பும்வரை மிஸிக்குத் தனியே உலை இல்லை.

நேர்மையாய் இரு என்று பிறருக்குச் சொன்னவர், அதனால் வந்த பசியிற் பங்குகொண்டதை நாம் கண்டது அவ்வொரு முறைதான். நாம் கண்டிராதவர் பலர் இருப்பர். 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆந் தேதி இந்திய இராணுவம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குட் புகுந்து சுட்டபோது, நோயாளரும் பணியாளருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆபத்து நெருங்குகின்றதென்று அறிந்தும் கடமைக்கு வந்திருந்த வைத்தியரும் தாதியரும் அவர்களுள் அடங்குவர். பிள்ளை வைத்திய நிபுணர் டாக்டர் சிவபாதசுந்தரம் மறுநாள் உயிரிழந்தார். மருத்துவ விடுதியில் யார் சைவர், யார் கிறிஸ்தவர் என்று எவரும் வினாவியதில்லை. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு நின்ற சமாரியனின் கதையை ஞாயிறு பள்ளியிற் படித்தோர் அறிவர். உதவியவன் கேட்டோருடைய சமயத்தவன் அல்லன் என்பதே அக்கதையின் கூர்மை. அதை நாம் கிறிஸ்தவருக்கே உரிய கதையாக்கி வைத்துக்கொள்ளுகின்றோம்.

அல்லைப்பிட்டியில் நடந்ததும் நினைவுக்கு வருகின்றது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆந் தேதி, பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் எறிகணைகள் வீழ்ந்தன. பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் காயமுற்றோரை வைத்தியசாலைக்கு அனுப்பவும் எஞ்சியோரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்லவும் அலைந்தார். ஒரு வாரத்தின் பின், 20ஆந் தேதி, உதவியாளர் ஒருவரோடு அல்லைப்பிட்டிக்குச் சென்றவர் கடற்படைச் சோதனைச் சாவடியின் அருகே இறுதியாகக் காணப்பட்டார். அவருக்கு நேர்ந்தது இன்றுவரை தெளிவாக்கப்படவில்லை. வெளியேறுங்கள் என்று மக்களுக்குச் சொன்னவர், தாம் அவ்வூருக்குத் திரும்பிப் போனார்.

இனி எமது மாணவிக்கு வருவோம்.

தங்கையே, உங்கள் அப்பா செய்தது சரி. இதில் எமக்கு ஐயமில்லை. அவ்வாண்டில் உங்கள் கடையிற் பால்மா வாங்கிய கைக்குழந்தைகள் இப்பொழுது பாலர் பாடசாலைக்குப் போகும். ஏமாந்துவிட்டோமா என்று கேட்டீர்கள். அதற்கு நாம் மறுமொழி சொல்ல இயலாது. கடையின் கணக்கை நாம் பார்த்ததில்லை. அடகுச் சீட்டும் எம்மிடம் இல்லை. ஆயினும் ஒன்று தோன்றுகின்றது. பால்மாவை என்ன விலைக்கு விற்பது என்று முடிவுசெய்தவர் அப்பா. நகையைக் கழற்றியவர் அம்மா. அவரை யாரும் கேட்டார்களா? கேட்டிருந்தால் அவரும் அதையே சொல்லியிருக்கக்கூடும். கேட்காமையினாலேயே பேசாதிருக்கவும் கூடும். ஒருநாள் மாலை அடுப்படியில் அவர் அருகே அமர்ந்து, அந்த நகைகள் எந்த ஆண்டில் யார் செய்து கொடுத்தவை என்று கேளுங்கள். அடகுச் சீட்டு எந்த மாதத்தோடு முடிகின்றது என்றும் கேளுங்கள். கடைக் கணக்கை வாரத்தில் ஒருநாள் நீங்களே எழுதிக்கொடுக்கலாம்; உயர்தரப் பரீட்சைக்கு அதனால் ஊறு வராது.

போதகர் ஐயா பிரசங்கத்திற் புகழ்ந்தது நன்று. அப்பிரசங்கத்தைக் கேட்டுத் தலையசைத்தவருள் எத்தனை வீட்டார் இன்று உங்கள் கடையிற் சாமான் வாங்குகின்றனர், எத்தனை பேர் கடன் கொப்பியிற் பாக்கி வைத்திருக்கின்றனர் என்பதை அறிய விரும்புகின்றோம். மாமாமாரையும் அவ்வாறே கேட்கலாம். பெரியவர்களாதலின் நீங்கள் கேட்கவேண்டாம், அப்பாவும் கேட்கமாட்டார். இப்பத்தியை அவர்கள் படிக்கட்டும்.

மிஸி ஊர் திரும்பியபின் பல ஆண்டு வாழ்ந்து காலமானார். எமது தாயார் இருக்கின்றார். இக்கட்டுரையை எழுதுமுன் அவரிடம் வாசித்துக் காட்டினோம். "நான் ரெண்டு நாள்தான் பேசாமல் இருந்தனான் எண்டு எழுதியிருக்கிறாய். அதுக்கு முதல் நாலு நாளும் பேசேல்லை" என்று திருத்தினார். அவ்வாறே கொள்க.

தங்கையே, அடுத்த கடிதத்தில் விலாசத்தையும் எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை நாம் இணுவிலால் போய்வருவதுண்டு. அரிசி, பருப்பு, சவர்க்காரம், தேயிலை ஆகியவற்றை எங்கேயோ வாங்கத்தானே வேண்டும்.